பணி துறந்தோரும் பணி துறவாதோரும்

உழைப்பின் உயர்வைப் பேசாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. உழவின் பெருமையைத் தனி அதிகாரமாகவே வகுத்தவர் வள்ளுவர். ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என்று முயற்சியின் சிறப்பை அவர் மேலும் விரித்துரைத்தார். ஆயினும், செய்யும் தொழிலே ஒருவனுக்குத் துன்பமாகி, நாள்தோறும் அவன் உள்ளத்தை அரித்து வருமானால் அவன் என்ன செய்வது? அதனை விட்டு விலகலாமா? விலகினால் அச்செயலை வீரம் என்பதா, பொறுப்பின்மை என்பதா? இவ்வினாக்களுக்கு நேரான விடையை நம் பாடநூல்களில் எளிதில் காண இயலாது. ஆனால் கதைகளிலும் கட்டுரைகளிலும் இவை மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன.

நம் நாட்டு இதழ்களிலும் சிறுகதைப் போட்டிகளிலும் வரும் படைப்புகளைப் படித்து வருவோர், ஒரு காட்சியைப் பன்முறை கண்டிருப்பர். அலுவலகத்தில் இழிவுபடுத்தப்பட்ட கதைத்தலைவன், மேலாளரின் மேசைமீது ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறுகிறான். அந்த இடத்தில் கதை முடிந்துவிடுகிறது. படிப்பவர் உள்ளம் குளிர்கிறது. ஆயினும், மறுநாள் காலையில் அவன் வீட்டில் உலை ஏற்றியது யார், அந்த மாத வாடகையைக் கொடுத்தது யார், அவன் எங்கே போனான் என்பனவற்றைப் பற்றிக் கதை ஒன்றும் கூறுவதில்லை. கதாசிரியருக்கு முடிவு கிடைத்துவிட்டது; கதைத்தலைவனுக்கு வாழ்வு கிடைத்ததா என்பதே ஐயம்.

எனவே பணிவிலகலைப் பொருளாகக் கொண்ட ஒரு படைப்பை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனை மூன்று வினாக்களாக அமைத்துக் கொள்ளலாம். அவன் எதனை விட்டு விலகுகிறான்? அவன் விலகுவதற்கான விலையை யார் கொடுக்கின்றனர்? விலகியபின் அவன் எதனை நோக்கிச் செல்கிறான்? இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள சில படைப்புகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தனார் கேட்ட விடை

தமிழில் இப்பொருளை ஆராயப் புகுவோர் முதலில் நினைவுகூர வேண்டியவர் நந்தனார். பெரியபுராணத்தில் அவர் பெயர் திருநாளைப்போவார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று கூறிக்கொண்டே நாள்களைக் கழித்தமையால் அப்பெயர் வந்தது. சேக்கிழார் காட்டும் நந்தனாரைத் தடுத்து நிறுத்துவது தம் பிறப்பைப் பற்றிய எண்ணமே. அங்கே வேதியப் பண்ணையார் எவரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனைகளாகப் பாடியபோதுதான், நந்தனாரை அடிமைகொண்ட ஆண்டை ஒருவர் கதைக்குள் வருகிறார். நந்தனார் அவரிடம் விடை கேட்டு நிற்கிறார், ஆண்டை மறுக்கிறார். பின்னர், நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று இயலாத நிபந்தனை ஒன்றை விதிக்கிறார். ஒரே இரவில் இறைவன் அருளால் அந்த வேலை முடிந்துவிடுகிறது.

இதனைப் பக்தி இலக்கியமாக மட்டுமே படித்துப் பழகியுள்ளோம். தொழில் உறவைச் சித்திரிக்கும் படைப்பாகவும் இதனைப் படிக்கலாம். பாரதியார் செய்த மாற்றம் சிறிதன்று. தடை நந்தனாரின் உள்ளத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, ஓர் ஆண்டையின் வடிவில் நிறுத்தப்படுகிறது. வேலையை விட்டுப் போக விரும்புவது ஒன்று, போகும் உரிமை இருப்பது வேறொன்று என்பது அப்போதுதான் விளங்குகிறது. அந்த உரிமையை மனிதரிடமிருந்து பெற வழியில்லாத நிலையில், இறைவனே இறங்கி வந்து வேலையை முடித்துத்தர வேண்டியிருக்கிறது. அற்புதம் நிகழும் இடமே அக்காலச் சமுதாயத்தில் வழி அடைபட்டிருந்த இடம் எனலாம்.

இந்நாட்டில் வாழும் நமக்கு இக்கதை தொலைவிலுள்ள கதையன்று. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட நம் முன்னோருக்கு, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டுச் செல்வது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்க்கும் முறை 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது அதன் பின்னரும் தொடர்ந்தது; உடலுழைப்புத் தொழிலாளர் உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்தது. சட்டத்தின் பிடி தளர்ந்த பிறகும் லயத்து வீடு வேலையோடு பிணைந்தே இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தோட்டத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் படிப்பும் அத்துடன் தடைப்படும். நாளைப் போவேன் என்று எண்ணிக்கொண்டே பால்மரங்களுக்கிடையில் வாழ்நாளைக் கழித்தவர் எத்தனையோ பேர். ஆகவே, வேலையைத் துறப்பது துணிவு ஒன்றாலேயே ஆகும் செயல் என்று எழுதும் கதையை நாம் சற்று ஐயத்துடன் படிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கணக்கர் லாம்

ஆங்கிலக் கட்டுரையாசிரியர்களுள் நம் கல்லூரி மாணவர் பலரும் அறிந்தவர் சார்லஸ் லாம். அவர் 1792-இல் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1825-இல் ஓய்வு பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்து மூன்று. நம் தோட்டங்களில் 'கிராணி' என்று அழைக்கப்பட்டவர் செய்த வேலையை ஒத்ததே லாம் செய்த வேலையும். 1819-இல் சிங்கப்பூரில் கம்பெனியின் கொடி ஏறியபோது, அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் லாம் பேரேடுகளை எழுதிக்கொண்டிருந்தார். தம் உண்மையான நூல்கள் அந்த அலுவலகத்தின் அலமாரிகளில் இருக்கும் பேரேடுகளே என்று அவர் நகைச்சுவையாகக் கூறியதுண்டு. அந்நகைப்பின் அடியில் உள்ள வருத்தம் நம் கவனத்துக்குரியது.

ஓய்வு பெற்ற ஆண்டிலேயே அவர் 'தி சூப்பரானுவேட்டட் மேன்' என்னும் கட்டுரையை எழுதினார். ஓய்வூதியத்துடன் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு மனிதனின் அனுபவம் அதில் கூறப்படுகிறது. அலுவலகத்தின் பெயரையும் முதலாளிகளையும் கற்பனையாக மாற்றியிருந்தாலும், கட்டுரையின் உயிர் லாமின் சொந்த வாழ்வே. வேலையின் துன்பத்தை அவர் விவரிக்கும் முறை வியப்புக்குரியது. அங்கே கொடிய மேலாளர் இல்லை; திட்டும் அடியும் இல்லை. கணக்கில் பிழையாகப் பதிந்துவிட்டோமோ என்னும் அச்சம் இரவில் கனவாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் மகிழ்ச்சி தருவதில்லை. ஆண்டில் கிடைக்கும் ஒரு வார விடுமுறையும் அதனை எதிர்நோக்குவதிலும், முடிகிறதே என்று கவலைப்படுவதிலும் கழிந்துவிடுகிறது. துன்பத்துக்குக் காரணமாக ஒரு தீயவனை நிறுத்தாமலே துன்பத்தை நம்பவைக்கிறார் லாம். நம் சிறுகதை எழுத்தாளர் கற்கத்தக்க திறன் இது.

அவ்வளவு துன்பமுற்றவர் ஏன் முன்பே விலகவில்லை? இதற்கான விடை கட்டுரையில் இல்லை. அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. 1796-இல் அவருடைய தமக்கை மேரி, மனநோய் மிகுந்த நிலையில் தாயைக் கொன்றுவிட்டார். மேரியை வாழ்நாள் முழுதும் பாதுகாக்கும் பொறுப்பைத் தம்பி லாம் ஏற்றுக்கொண்டார். அலுவலகத்திலிருந்து வந்த ஊதியமே அப்பொறுப்பைத் தாங்கியது. வேலையில் நிலைத்திருந்ததை அச்சம் என்று கூறலாகாது. அதனை அன்பின் கடன் என்றே கூற வேண்டும். பணி துறந்தோரைப் போற்றும் நாம், பணி துறவாதோரின் இத்தகைய பெருமையையும் காணத் தவறலாகாது.

கட்டுரையின் பிற்பகுதி மேலும் ஆழமானது. விடுதலை கிடைத்த மனிதன் முதலில் திகைத்துப்போகிறான். கையில் கிடைத்த காலத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பழைய அலுவலகத்துக்குச் சென்று பார்க்கிறான். அவன் அமர்ந்த மேசையும், தொப்பியை மாட்டிய ஆணியும் வேறொருவருக்கு உரிமையாகிவிட்டன. உடன் உழைத்தோரை விட்டுவந்தோமே என்ற உறுத்தலும் அவனுக்கு உண்டாகிறது. வெறுத்த இடமும் மனிதனுக்குள் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதனை இத்துணை நேர்மையுடன் எழுதியோர் சிலரே. வேலையை விட்ட மறுநாளைப் பற்றி எழுதாத கதைகளுக்கு நடுவே, மறுநாளைப் பற்றியே எழுதப்பட்ட கட்டுரை இது.

செல்லவும் மறுத்தவன்

லாமுக்குப் பின் நாம் காண வேண்டியது அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1853-இல் வெளியிட்ட 'பார்ட்டில்பி' என்னும் நெடிய சிறுகதை. நியூயார்க் நகரின் வால் ஸ்திரீட்டில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகம். அங்கே ஆவணங்களைப் பார்த்து எழுதும் படியெடுப்பாளனாக வந்து சேர்கிறான் பார்ட்டில்பி. தொடக்கத்தில் இரவு பகலாக எழுதித் தள்ளுகிறான். ஒருநாள் படிகளைச் சரிபார்க்க அழைத்தபோது, அதனைச் செய்ய விருப்பமில்லை என்று அமைதியாக மறுக்கிறான். மறுப்பு ஒவ்வொன்றாக வளர்கிறது. இறுதியில் படியெடுப்பதையும் நிறுத்திவிடுகிறான். ஆனால் அலுவலகத்தை விட்டுச் செல்லவும் மறுக்கிறான். அவனை வெளியேற்ற மனமில்லாத வழக்கறிஞர் தம் அலுவலகத்தையே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கிறார். பின்னர் பார்ட்டில்பி சிறையில் அடைக்கப்பட்டு, உணவையும் மறுத்து இறக்கிறான். முன்னர் அவன் உரியவரைச் சேராத கடிதங்களைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவன் என்னும் செவிவழிச் செய்தியோடு கதை முடிகிறது.

இக்கதையை முதலாளித்துவத்துக்கு எதிரான போராட்டம் என்று விளக்குவோர் உளர். அவ்விளக்கம் ஓரளவே பொருந்துகிறது. போராடுகிறவன் ஏதேனும் ஒன்றைக் கேட்பான். பார்ட்டில்பி ஒன்றும் கேட்பதில்லை. உதவியாகக் கொடுக்க முன்வந்த பணத்தையும் அவன் நாடுவதில்லை. நம் மூன்றாம் வினாவுக்கு, அதாவது எதனை நோக்கிச் செல்கிறான் என்பதற்கு, அவனிடம் விடையே இல்லை. விருப்பமற்ற வேலை ஒருவனுடைய விரும்பும் ஆற்றலையே தின்றுவிட்டபின் எஞ்சும் நிலையை மெல்வில் காட்டுகிறார் என்று கொள்வதே பொருத்தம். நெடுநாள் வெறுத்த வேலையில் இருப்பவனுக்குப் பிறகு விலகவும் வலிமை இருப்பதில்லை. நாளை, நாளை என்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இக்கதை உணர்த்துகிறது.

லாமிடம் நாம் கண்டது பொறுப்பால் நிலைத்திருத்தல். மெல்விலிடம் காண்பது ஆற்றல் அழிந்ததால் நிலைத்திருத்தல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. வேறுபாட்டை அறிந்து எழுதுவதுதான் படைப்பாளனின் கடமை.

ஆங்கில ஆசிரியன்

இனி, ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் நெருங்கிய நூலுக்கு வருவோம். சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' என்னும் நாவல் 1945-இல் வெளிவந்தது. அதன் தலைவன் கிருஷ்ணன், மால்குடி என்னும் கற்பனை ஊரில் ஆல்பர்ட் மிஷன் கல்லூரியில் விரிவுரையாளன். தான் மாணவனாகப் படித்த கல்லூரியிலேயே வேலை பெற்றவன். மாதம் நூறு ரூபாய் ஊதியம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அவன் வாழ்வில் குறையொன்றும் இல்லை.

குறை எங்கே உள்ளது என்பதை ஆசிரியர் சிறு நிகழ்ச்சிகளால் காட்டுகிறார். ஆங்கிலச் சொல் ஒன்றில் ஒரு மாணவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான் என்பதற்காகக் கல்லூரித் தலைவர் பிரௌன் ஆசிரியர்களைக் கூட்டிப் பேசுகிறார். அந்த ஓர் எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. வகுப்பிலோ, பாடத்தை நடத்துவதைக் காட்டிலும் வருகைப் பதிவேட்டை வாசித்து நேரத்தைக் கழிப்பது கிருஷ்ணனுக்கு எளிதாக இருக்கிறது. இதனைப் படிக்கும் எந்த ஆசிரியருக்கும் ஓர் உறுத்தல் தோன்றாமல் இராது. நாமும் சில நாள்களில் அவ்வாறு மணியோசைக்காகக் காத்திருந்ததுண்டு அல்லவா?

கிருஷ்ணன் உடனே விலகுவதில்லை. மனைவி சுசீலாவும் குழந்தை லீலாவும் வந்து சேர்கின்றனர், இல்லறம் இனிக்கிறது, வேலையின் வெறுமை மறைந்துகிடக்கிறது. பின்னர் சுசீலா டைபாய்டு காய்ச்சலால் இறக்கிறாள். நாராயணின் மனைவியும் அந்நோயாலேயே 1939-இல் இறந்தார் என்பதையும், இந்நாவலை அவர் தம் மனைவியின் நினைவுக்கே உரிமையாக்கினார் என்பதையும் அறிந்தோர், இப்பகுதியின் உண்மைத்தன்மையை மேலும் உணர்வர். துயரத்துக்குப் பின் கிருஷ்ணன், தன் மகள் படிக்கும் சிறுவர் பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்திக்கிறான். குழந்தைகளை வற்புறுத்தாமல், அவர்கள் போக்கில் விட்டுக் கற்பிப்பதே அவருடைய முறை. நாவலின் இறுதியில் கல்லூரி வேலையைத் துறந்து, இருபத்தைந்து ரூபாய் ஊதியத்துக்கு அப்பள்ளியில் சேர முடிவு செய்கிறான் கிருஷ்ணன்.

இங்கே ஒரு நுட்பமான இடம் உண்டு. கிருஷ்ணன் முதலில் நீண்டதொரு ராஜினாமாக் கடிதத்தை எழுதுகிறான். நாட்டின் கல்வி முறை முழுவதையும் அது தாக்குகிறது. மறுபடியும் படித்துப் பார்க்கும்போது, அது வெறும் ஆரவாரமாகவும் பலரும் முன்பே கூறியதாகவும் அவனுக்குத் தோன்றுகிறது. அதனைக் கிழித்துவிட்டுச் சில வரிகளில் ஓர் எளிய கடிதம் எழுதுகிறான். ஷேக்ஸ்பியர் முதலிய கவிஞர்கள்மீது அவனுக்கு வெறுப்பில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அக்கவிஞர்களைத் தேர்வுக் குறிப்புகளாக்கி, மனப்பாடம் செய்யவைக்கும் முறையின்மீதே அவனுக்கு வெறுப்பு. தான் நேசிப்பதைத் தானே நாள்தோறும் கொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் அவன் துன்பம். நம் முதல் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

கிழிக்கப்பட்ட அக்கடிதம் நம் எழுத்தாளர்களுக்கு ஒரு பாடமாகும். நம் கதைகளில் பல, கிருஷ்ணன் கிழித்தெறிந்த முதற்கடிதத்தை வைத்துக்கொண்டே முடிந்துவிடுகின்றன. முழக்கத்தைக் கடந்து எளிய இரண்டாம் கடிதத்தை அடையும் பக்குவம் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆயினும் இந்நாவல் குறையற்றதன்று. பிற்பகுதியில் இறந்த சுசீலாவின் ஆவியோடு கிருஷ்ணன் தொடர்பு கொள்வது விரிவாகப் பேசப்படுகிறது. அவன் அடையும் மன அமைதிக்குப் பெரிதும் அதுவே காரணமாக அமைவதால், பணி துறந்ததன் பயன் இவ்வளவு, ஆவியுலகத் தொடர்பின் பயன் இவ்வளவு என்று பிரித்தறிய இயலவில்லை. குழந்தைகளோடு அவன் செய்யவிருக்கும் வேலையை நாம் போதிய அளவு காணுமுன் நாவல் முடிந்துவிடுகிறது. மறுநாளை எழுதாத குறை, நாராயணையும் முற்றிலும் விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் வினாவையும் கேட்போம். விலையைக் கொடுத்தவர் யார்? மனைவி இல்லை. மகள் லீலா தாத்தா பாட்டியிடம் வளரச் சென்றுவிட்டாள். கிராமத்தில் பெற்றோருக்கு வாழ்வதற்கான வசதி உண்டு. நூறு ரூபாயிலிருந்து இருபத்தைந்து ரூபாய்க்கு இறங்குவது அவன் ஒருவனை மட்டுமே பாதிக்கிறது. சுசீலா உயிருடன் இருந்து, வீட்டுச் செலவை மாதந்தோறும் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் கிருஷ்ணன் இம்முடிவுக்கு வந்திருப்பானா? நாவல் இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்பாமலிருக்க வசதியாகவே நிகழ்ச்சிகள் அமைந்துள்ளன. இதனைக் குறையாகக் கூறினாலும், கிருஷ்ணனின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அவன் தன் செலவைத் தானே ஏற்கிறான், பிறர்மீது சுமத்தவில்லை.

சாவித்திரிக்கு இல்லாத வழி

இதே நாராயண் ஏழாண்டுகளுக்கு முன், 1938-இல், 'தி டார்க் ரூம்' என்னும் நாவலை எழுதினார். அதன் தலைவி சாவித்திரி. கணவன் ரமணி ஒரு காப்புறுதிக் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருப்பவன். அவன் வேறொரு பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். சாவித்திரி வீட்டை விட்டு வெளியேறுகிறாள், ஆற்றில் விழுந்து உயிர்விட முயல்கிறாள், காப்பாற்றப்படுகிறாள். பிறர் சோற்றை உண்ண மாட்டேன் என்னும் உறுதியுடன் ஒரு கோயிலில் வேலைக்கும் அமர்கிறாள். ஆனால் தனிமையும் குழந்தைகளின் நினைவும் அவளை மீண்டும் அதே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

வீட்டுப் பணியை ஊதியமில்லாத வேலை என்று கொண்டால், சாவித்திரியும் பணி துறக்க முயன்றவளே. கிருஷ்ணனையும் அவளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கிருஷ்ணனுக்குப் பட்டம் இருந்தது, அவனை வரவேற்க ஒரு பள்ளி இருந்தது, பிரியும்போது கல்லூரியில் பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது, மாலையும் விழுந்தது. சாவித்திரிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவளுடைய துன்பம் கிருஷ்ணன் துன்பத்தைவிடக் குறைந்ததன்று, துணிவும் குறைந்ததன்று. வழி மட்டுமே இல்லை. துணிவுள்ளோர் விலகுவர், கோழைகள் நிலைத்திருப்பர் என்னும் எளிய சூத்திரத்தை, இவ்விரு நாவல்களையும் சேர்த்துப் படித்தவர் ஏற்க மாட்டார். கலையழகில் 'தி இங்கிலீஷ் டீச்சர்' உயர்ந்ததாக இருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பொறுத்தவரை, 'தி டார்க் ரூம்' காட்டும் உண்மையே கடுமையானது.

நம் எழுத்துக்கும் நம் வகுப்புக்கும்

இதுவரை கூறியதைக் கேட்ட ஒருவர் மறுப்புக் கூறக்கூடும். துன்பம் ஒன்றே போதிய காரணமாகாதா, விலகுவோர் இத்தனை வினாக்களுக்கும் விடை கூறிவிட்டுத்தான் விலக வேண்டுமா என்று அவர் கேட்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. வாழ்க்கையில் ஒருவர் மறுநாள் எங்கே போவதென்று தெரியாமலேயே விலக நேரலாம். மூச்சுத் திணறுகிறவன் கதவைத் திறந்து வெளியே ஓடும்போது, எங்கே ஓடுகிறாய் என்று கேட்பது அறமாகாது. அவரை நாம் குற்றம் கூறவில்லை. ஆனால் எழுத்தாளனின் நிலை வேறு. அவன் மூச்சுத் திணறி ஓடுகிறவன் அல்லன். எழுதுவதற்கு முன் எண்ணிப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கிறது. மனிதர் விடை தெரியாமல் விலகலாம். அந்த விடை தெரியாமையையும் கதை காட்டியாக வேண்டும். மறைத்துவிட்டு வெற்றி முழக்கம் செய்வதைத்தான் நாம் குறை கூறுகிறோம்.

எனவே, இப்பொருளில் எழுத முற்படும் இளைஞர்களுக்குச் சிலவற்றைப் பரிந்துரைக்கலாம். வேலையின் துன்பத்தைக் காட்டக் கொடிய மேலாளர் ஒருவரைப் படைப்பது எளிய வழி. லாம் செய்ததுபோல் தீயவன் இல்லாமலே துன்பத்தைக் காட்ட முயல்க. கடிதத்தை வைத்துவிட்டு வரும் காட்சியைக் கதையின் இறுதியில் அன்றித் தொடக்கத்தில் வைத்து எழுதிப் பார்க்க. வீட்டில் காத்திருப்போரையும் கதைமாந்தராக்குக. விலகாமல் நிலைத்திருப்பவனைக் கோழை என்று தீர்ப்பதற்குமுன் அவன் யாருக்காக நிலைத்திருக்கிறான் என்று காண்க.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இப்படைப்புகள் கூறுவது ஒன்றுண்டு. விருப்பமின்றிப் பணியில் தொடர்வதற்கும் ஒரு விலை உண்டு. நம் தொழிலில் அவ்விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. கணக்கர் லாம் வெறுப்புடன் எழுதிய பேரேட்டுக்கு வலி தெரியாது. ஆனால் வெறுப்புடன் நடத்தப்படும் வகுப்பில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். தமிழ் கற்க வந்த பிள்ளை, தமிழே இவ்வாறு வறண்டது போலும் என்று எண்ணிப் போய்விடுமானால், அந்த இழப்பை எந்தப் பதிவேட்டிலும் எழுத இயலாது. அதற்காக எல்லோரும் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதன்று கருத்து. லாமைப் போல் வீட்டுச் சுமையைத் தாங்கி நிற்போர் நம்முள் பலர். கிருஷ்ணனும் ஆசிரியத் தொழிலைத் துறக்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவன் கல்லூரியைத்தான் துறந்தான், கற்பிப்பதைத் துறக்கவில்லை. தேர்வுக் குறிப்பை ஒருநாள் மூடி வைத்துவிட்டு, நாம் நேசிக்கும் ஒரு பாடலைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதற்கு ராஜினாமாக் கடிதம் தேவையில்லை.

அதுவும் இயலாமற்போய், உள்ளம் முற்றிலும் வறண்டுவிட்டது என்று உணர்வோர், பார்ட்டில்பியின் நிலையை அடையுமுன் வேறு வழி தேடுவதே நன்று. அவர்களை நாம் பழிக்காமல் வழியனுப்ப வேண்டும். நந்தனாருக்கு விடை கொடுக்க ஆண்டைக்கு மனம் வரவில்லை. நம் முன்னோருக்கு விடை கொடுக்கச் சட்டம் இடந்தரவில்லை. இன்று வேலையை விட்டுப் போகும் உரிமை சட்டப்படி நமக்கு இருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் வசதிதான் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. அந்த வேற்றுமையை மறவாமல் எழுதப்படும் கதை ஒன்று நம்மிடையே தோன்றுமானால், அதுவே இப்பொருளில் நாம் இதுவரை பெறாத நல்ல கதையாக இருக்கும்.